சும்மா வந்த போனும் சிக்ரிட் என்ற பசுவும்

எங்கள் லூத்தரன் சர்ச்சின் அடித்தளத்தில் இருக்கிற காபிக் கொதிகலன் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. பைபிள் மேல் ஏன் சத்தியம் செய்யவில்லை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொன்னவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் உண்டு. அவர்களில் சிலரை நாங்களே ஓட்டுப் போட்டுப் பதவிக்கும் அனுப்பியிருக்கிறோம். காபிக் கொதிகலன் மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் இதுவரை ஒருத்தனும் இல்லை. கை வெந்துவிடும்.

விஸ்கான்சினில் ஸ்கோகன் பள்ளத்தாக்கு முழுக்க பால் டேங்கர் ஓட்டியவன் நான். பெயர் எய்னார். பண்ணை பண்ணையாகப் போய் குளிர்தொட்டியிலிருந்து பாலை உறிஞ்சி சீஸ் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. தொட்டி மூடியைத் திறந்த மாத்திரத்தில் அந்த வீட்டில் காலையில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன். பால் எதையும் மறைக்காது.

மைலோ லின்ட்விக் வீட்டுப் பால் பெரும்பாலும் சமாதானப் பால்தான். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அது கொஞ்சம் கரகரத்தது.

அதற்கு முந்தின வருஷம் ஒரு வைக்கோல் கட்டு, இங்கே உருட்டிக் கட்டுவார்களே, சின்னக் கார் அளவுக்கு இருக்கும், அது மைலோ மேல் உருண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் மனைவி ஆர்லிஸுக்குச் சீஸ் ஆலையில் வேலை. அவள் வீடு திரும்பும்போது இருட்டிவிட்டிருந்தது. மாடுகள் கறக்காமல் கத்திக்கொண்டிருந்தன. கட்டுக்கு அடியிலிருந்து ஒரு பூட்ஸும் ஒரு தொப்பியும் தெரிந்தன. கட்டை நகர்த்தி அவனை வெளியே இழுத்தபோது மைலோ சொன்னது இதுதான்:

"இன்னும் மோசமா இருந்திருக்கலாம்."

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் யாரும் புலம்ப மாட்டார்கள். ஆனால் ஆர்லிஸ் அன்றைக்கு இதற்குமேல் பேசினாள்.

"கேட்டுக்க. உன் சட்டைப் பையில ஒரு போன் இருக்கணும். ஆலையில காபிக்கு விடும்போதெல்லாம் நான் கூப்பிடுவேன். நீ எடுக்கணும். எடுக்காத அன்னிக்கு ஏலக்காரனக் கூப்பிடுவேன். மாடெல்லாம் போயிடும்."

"மாடு என்ன பண்ணுச்சு?"

"மாடு ஒண்ணும் பண்ணல. மாடு இல்லேன்னா நீ வீட்டுக்குள்ள உக்காருவ. கெடையில விழுந்தாலும் சமையக்கட்டுலதான் விழுவ. நான் பாத்துக்குவேன்."

மாடு இல்லாத மைலோவை யாரும் கற்பனை செய்ய முடியாது, அவன் உட்பட. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு நீளும்போதுகூட அவன் கைவிரல்கள் முழங்கால் மேல் கறந்துகொண்டிருக்கும். அதனால் வாயைத் திறக்காமல் மெரிடன் டவுனுக்குப் போய், ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சும்மா ஒரு போன் வாங்கிவந்தான். சும்மா என்றால் முழுச் சும்மா. கடை ஜன்னலில் அந்தச் சொல்லை ஓர் ஆள் உயரத்துக்கு எழுதி ஒட்டியிருந்தார்கள். போன் விரல் நீளம்தான் இருந்தது. அவன் கையில் அது தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது.

வேலைக்குப் போடுகிற ஓவரால் உடுப்பின் மார்புப் பையில் அதைப் போட்டுக்கொண்டான். தப்பு அங்கேதான் நடந்தது. அந்தப் பையில் ஏற்கெனவே குடியிருந்தது காந்தம்.

பசு ஆணியையும் கம்பித் துண்டையும் தீவனத்தோடு மெல்லாமல் விழுங்கிவிடும். கம்பி உள்ளே குத்தினால் மாடு போச்சு. அதனால் கிடேரி முதல் கன்று போட்டு கறவைக்கு வந்ததும் விரல் நீளக் காந்தம் ஒன்றை நீளக் குழலில் வைத்து அதன் தொண்டைக்குள் தள்ளிவிடுவோம். அது இரண்டாவது வயிற்றில் போய் உட்கார்ந்து, வருகிற இரும்பையெல்லாம் பிடித்துவைத்துக்கொண்டு, மாடு இருக்கும்வரை அங்கேயே கிடக்கும். போன் வாங்கி ஐந்து மாதம் ஆன ஒரு நாள், சிக்ரிட் என்ற கிடேரியின் முறை வந்தது. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுந்து உடைகிற குளிர். தடித்த கையுறையோடு மைலோ பைக்குள் கைவிட்டான். விரல் நீளத்தில் கனமாக ஒன்று கிடைத்தது. குழலில் போட்டான். சிக்ரிட்டின் வாயைத் திறந்தான். தள்ளினான். சிக்ரிட் விழுங்கிவிட்டு நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டாள்.

நான் பால் எடுக்கத் தொழுவத்துக்குள் நுழைந்தபோது மைலோ ஒரு காந்தத்தைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மணி அடிப்பது மட்டும் நிற்கவில்லை. கடைக்காரர்கள் அதில் போல்கா என்கிற துள்ளாட்ட மெட்டு ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தார்கள். அது தொழுவத்தின் மூலையிலிருந்து, கம்பளிக்குள் சுற்றிய அக்கார்டியன் மாதிரி, மொத்தையாகக் கேட்டது. மாடுகள் எல்லாம் கழுத்தைத் திருப்பி சிக்ரிட்டைப் பார்த்தன. சிக்ரிட் தன்னைத்தானே பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் போல்கா நின்றது. பசுவின் இரண்டாவது வயிறு சும்மா இருக்காது, நொடிக்கொரு தரம் இல்லாவிட்டாலும் நிமிஷத்துக்கு ஒரு தரம் இறுக்கிப் பிடித்துவிடும். அந்தப் பிடியில் பச்சைப் பொத்தான் அமுங்கியிருக்க வேண்டும். சிக்ரிட்டின் இடுப்புப் பக்கத்திலிருந்து ஆர்லிஸின் குரல் வந்தது.

"மைலோ? எங்க இருக்க?"

மைலோ காந்தத்தைப் பையில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, மாட்டின் விலாவில் காதை வைத்தான்.

"சிக்ரிட் பக்கத்துல."

"குரல் ஏன் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து மைலோ அவளிடம் பொய் சொன்னதில்லை. சொல்ல அவகாசம் கிடைத்ததில்லை என்பது வேறு.

"கெணறு இல்ல ஆர்லிஸ். வயிறு."

ஆலையில் தயிர்க்கட்டி வெட்டுகிற இயந்திரம் ஓடுவது மட்டும் மாட்டுக்குள்ளிருந்து கேட்டது.

"சனிக்கிழமைக்குள்ள உன் பையில போன் இருக்கணும்" என்றாள் ஆர்லிஸ். "இல்லேன்னா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும்." சிக்ரிட் ஒரு ஏப்பம் விட்டாள். அழைப்பு அறுந்தது.

மைலோ என்னைப் பார்த்தான். பிறகு பையிலிருந்த காந்தத்தை எடுத்துக் குழலில் போட்டான்.

"யோவ், இப்ப எதுக்கு அது?" என்றேன்.

"அவளுக்குக் காந்தம் போடணுமே. இன்னும் போடலையே" என்று சொல்லி அதையும் உள்ளே தள்ளினான். முறை என்றால் முறை. காந்தம் போய் போனைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அதுவரை அந்தப் போன் வந்த வழியிலோ வேறு வழியிலோ வெளியே வர ஒரு வாய்ப்பு இருந்தது. அதோடு அது போனது.

மறுநாள் அவன் வண்டியில் டீசல் உறைந்துபோனதால் என் பிக்கப்பில் மெரிடன் போனோம். போன் கடையில் ஓர் இளம்பெண் இருந்தாள். சட்டையில் ட்ரிஷா என்று பெயர் குத்தியிருந்தது. மைலோ பெயரைப் பார்த்துத் திருப்தி அடையவில்லை.

"நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"ஹாக்கன்ஸன் வீடு சார். மேட்டுச் சாலை."

"கெர்ஹார்ட் பேத்தியா? உங்க தாத்தாகிட்ட ஒரு காளை வாங்கினேன். நல்ல காளை. வேலிய மதிக்காது."

"தாத்தாவும் அப்படித்தான் சார்" என்றாள் அவள். "என்ன வேணும்?"

"போன இடம் தெரியும், எடுக்கத்தான் முடியல. வேற ஒண்ணு குடு."

அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். ஒரு விலை சொன்னாள். மைலோ தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"அம்மா, நான் அதே போனத்தான் கேக்கறேன். அந்தச் சின்னது."

"அதேதான் சார்."

"அத நீங்க சும்மா குடுத்தீங்க."

"சும்மா குடுத்தோம்."

"அப்ப அதோட வெல என்ன?"

"நான் சொன்னதுதான்."

"வெல உள்ள பொருள் எப்படிச் சும்மா ஆகும்?"

ட்ரிஷா பேனாவை மேசையில் வைத்தாள். அவளும் பண்ணைப் பெண்தான் என்பது அப்போது தெரிந்தது. "சார், ஒருத்தர் உங்களுக்குச் சினை மாடு ஒண்ண சும்மா குடுக்கறார்னு வெச்சுக்குங்க. ரெண்டு வருஷத்துக்குப் பால் முழுக்க அவருக்கே ஊத்தணும், அதுதான் பேச்சு. அவர் மாட்டு வெலய பாலுல எடுத்துக்குவார். இப்ப அஞ்சு மாசத்துல மாடு செத்துப்போச்சு. அவர் இன்னொரு மாட்ட சும்மா குடுப்பாரா?"

மைலோ நெடுநேரம் யோசித்தான். கடைக்குள் ஹீட்டர் ஓடியது. அவன் ஓவராலில் உறைந்திருந்த சாணம் இளகி மணக்க ஆரம்பித்தது.

"குடுக்க மாட்டான்" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா மாடு செத்தப்புறம் பால் கேப்பானா?"

"ஒப்பந்தம் இருக்கே சார். கேப்பார்."

"செத்த மாட்டுப் பால?"

"மாசாமாசம்."

"இதோ நிக்கறானே எய்னார், இவன் போனே வெச்சதில்ல. இவன் வந்து கேட்டா?"

"புது ஆளுன்னா அவருக்குச் சும்மா குடுப்போம்."

"அஞ்சு மாசமா ஒழுங்காக் காசு கட்டற எனக்கு முழு வெல. ஒத்தக் காசு கட்டாத இவனுக்குச் சும்மா."

"ஆமா சார்."

"இவனப் பத்தி உங்க கம்பெனிக்கு ஒண்ணும் தெரியாது போல" என்றான் மைலோ. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண் இரக்கமுள்ளவள். குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வழி இருக்கு. அபராதம் கட்டி ஒப்பந்தத்த முறிச்சிடுங்க. அது போன் வெலையில பாதிகூட வராது. மறுநாள் புது ஆள் மாதிரி வாங்க. சும்மா தர்றேன். நெறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

நான் உடனே கையை உயர்த்தி ஆதரித்திருப்பேன். மைலோவின் முகம் மட்டும் ஏணி மேல் நிற்கிறவன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு வருஷம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்க. அதான் அபராதம்..."

"போட்டுட்டு, அத முறிச்சிட்டு, மறுநாள் தலைய வாரிக்கிட்டு வந்து உங்கிட்டயே வணக்கம் சொல்லணுமா? நீயும் யாருன்னு தெரியாத மாதிரி சிரிக்கணுமா? உங்க தாத்தா காளைய எனக்கு வித்தப்ப கை குலுக்கிப் பேச்ச முடிச்சோம். அந்தக் காளை என் வேலிய மூணு எடத்துல பிச்சுது. நான் திருப்பிக் கொண்டுபோய் விட்டேனா?"

"இல்ல சார்."

"ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். வேற சொல்லு."

"போன் தானாக் கெட்டுப்போயிருந்தா மாத்தித் தருவோம். உள்ள ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். தண்ணி பட்டா சிவப்பாயிடும். வெள்ளையா இருந்தா கம்பெனி தப்பு. கொண்டுவாங்க, பாக்கறேன்."

"கொண்டுவர முடியாது. மாட்டுக்குள்ள இருக்கு."

அவள் கண் சிமிட்டவில்லை. மேட்டுச் சாலைக்காரர்கள் எளிதில் கண் சிமிட்ட மாட்டார்கள். "வேல செய்யுதா?"

"நேத்து பேசினேன்."

"அப்ப ஒண்ணும் கெடலையே சார். நல்லா வேல செய்யற போன எப்படி மாத்தறது?"

திரும்பி வரும் வழியில் மைலோவுக்குப் பசித்தது. பெட்ரோல் பங்கில் வாங்கிய புதிதாகத் திரட்டிய சீஸ் துண்டுகளைப் பல்லில் கிரீச்சிட மென்றுகொண்டு வந்தான். பாலம் தாண்டியதும் சொன்னான்: "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான். ஒண்ணும் கெடல."

மாட்டு டாக்டர் ப்ரோச் வந்து பார்த்தார். விலாவைக் கிழித்து எடுக்கலாம், அதற்கு ஆகிற செலவில் போன் கடைக்காரனையே மாசக்கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். எதற்கும் ஸ்டெதஸ்கோப்பைச் சிக்ரிட்டின் இடுப்பில் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஆர்லிஸுக்கு ஆலையில் காபி இடைவேளை. போல்கா அடித்து ஓய்ந்தது. டாக்டர் அசையாமல் நின்று கேட்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தார்.

"மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. நீ சாப்பிட்டியான்னு கேக்குது."

சனிக்கிழமை வந்தது. இறைச்சியும் பீன்ஸும் உருளைக்கிழங்கு வறுவலும் அடுக்கி வேகவைத்த பாத்திரத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு ஆர்லிஸ் கையை நீட்டினாள். எனக்கும் ஒரு தட்டு போட்டிருந்தாள். நான் அங்கே இருந்தது அப்படித்தான்.

"போன் எங்க?"

"தொழுவத்துல."

"உன் பையில இருக்கணும்னு சொன்னேன்."

"நான் கூப்பிட்டா எடுக்கணும்னுதானே உன் கவல. எடுக்கறேன். பை என்னோடதா இருந்தா என்ன, சிக்ரிட்டோடதா இருந்தா என்ன."

"நீ மரம் வெட்டப் போனா?"

"அவளும் வருவா."

"தபால் எடுக்கப் போனா?"

"வருவா."

"வைக்கோல் கட்டு?"

"முதல்ல அவள நிறுத்திட்டுத்தான் கட்டுகிட்டப் போவேன்."

ஆர்லிஸ் என்னைப் பார்த்தாள். "எய்னார், இந்த ஆள் தெளிவாத்தான் இருக்கானா?"

"பால் நல்லாத்தான் வருது" என்றேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தானே நான் பேச முடியும்.

அவள் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தைச் சுரண்டினாள். அவளுக்கு மாடு பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவள் அவள்தான். அந்தப் பூட்ஸும் தொப்பியும் வைக்கோலுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தவளும் அவள்தான்.

"பனி உருகற வரைக்கும் பாக்கறேன்" என்றாள். "ஒரே ஒரு தரம் நீ எடுக்காம இருந்து பாரு."

அந்தக் குளிர்காலம் முழுக்க மைலோ எங்கே போனாலும் சிக்ரிட் போனாள். முதலில் தலைக்கயிறு போட்டு இழுத்தான். கிடேரி பிடிவாதம், முன்னங்காலை ஊன்றி நிற்பாள். மைலோ அவளைவிடப் பிடிவாதம், அவள் நகரும்வரை அவனும் நிற்பான். ஒரு நாள் ரெண்டு பேரும் தபால் பெட்டிக்குப் பாதி வழியில் காலையிலிருந்து மதியம்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பால் எடுக்கப் போகும்போதும் நின்றார்கள், திரும்பும்போதும் நின்றார்கள். ஜன்னலை இறக்கி, "யார் ஜெயிக்கறது?" என்றேன். "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்றான். அவன் மீசையிலும் சிக்ரிட்டின் மீசையிலும் ஒரே நீளத்துக்குப் பனிக்குச்சி தொங்கியது.

அப்புறம் பழகிவிட்டாள். தீவனக் கடை வாசலில், இரும்புக் கடை வாசலில், வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கிற பாரின் வாசலில் சிக்ரிட் நின்றால் உள்ளே மைலோ இருக்கிறான் என்று அர்த்தம். போல்கா கேட்டால் பாரில் இருப்பவர்களே, "மைலோ, உனக்கு மாடு வந்திருக்கு" என்பார்கள்.

பேட்டரி எப்படித் தாங்கியது என்று கேட்கத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தொழுவத்துத் தண்ணீர்த் தொட்டியில் கரன்ட் ஒழுகுகிறது என்று எங்கள் ஊர்க்காரர்கள் பல வருஷமாக மனு கொடுத்துவருகிறார்கள். தண்ணீரில் வாய் வைத்தால் மாட்டுக்குச் சுரீர் என்று அடிக்கும். ஒழுகவே இல்லை என்று மின்சாரக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். மைலோ அதன் பிறகு மனுவில் கையெழுத்துப் போடவில்லை. மற்ற மாடுகள் தண்ணீரைக் கண்டு பின்வாங்கும்போது சிக்ரிட் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகக் குடித்தாள்.

மார்ச்சில் பனி மேலே இளகி அடியில் உறைந்து கிடக்கிற காலம் வந்தது. மேப்பிள் சாறு காய்ச்ச விறகு வேண்டும் என்று மைலோ பின்காட்டுக்குப் போனான். சிக்ரிட்டை நீளக் கயிற்றில் ஓர் எல்ம் மரத்தில் கட்டினான். அதே மரத்தில் பட்டுப்போயிருந்த ஒரு கிளையை அறுக்கப் போக, அதற்கும் மேலே இருந்த இன்னொரு கிளை, யாரும் அழைக்காமலே, இறங்கி வந்தது. அவனைக் கவிழ்த்துப் போட்டு, ரெண்டு காலையும் அமுக்கிக்கொண்டு, கட்டின மரத்துக்கு அடியிலேயே படுக்க வைத்துவிட்டது. சிக்ரிட் கயிற்றின் மறுமுனையில், எட்டாத தூரத்தில், இளம் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

போல்கா அடித்தது.

"சிக்ரிட், வா" என்றான் மைலோ.

கூப்பிட்டதும் வருகிற பழக்கம் சிக்ரிட்டுக்கு எப்போதும் இருந்ததில்லை. அவள் மென்றுகொண்டே நின்றாள். அடித்து ஓய்ந்தது. பொத்தான் அமுங்கியது.

"மைலோ?"

அவன் கத்தினான். காற்று வேறு பக்கம் அடித்தது. எல்ம் மரத்திலிருந்து மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சேருகிற அளவுக்கு அந்தக் குரலில் வலு இல்லை.

"மைலோ, எடுத்துட்டு ஏன் பேச மாட்டேங்கற? பனி இன்னும் உருகல, நெனவிருக்கா? மைலோ! மைலோ லின்ட்விக்!"

ஆர்லிஸின் அந்தக் குரல் வந்தால் தொழுவத்தில் எந்த மாடும் திரும்பிப் பார்க்கும். சிக்ரிட்டும் திரும்பினாள். குரல் தனக்குப் பின்னாலிருந்து வருகிறது. பின்பக்கம் திரும்பினாள். அப்போதும் பின்னாலிருந்து வந்தது. குரலை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று அவள் வளைந்து வளைந்து நடக்க, கட்டின கயிறு மரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஆர்லிஸ் திட்டத் திட்ட மாடு சுற்றியது. சுற்றச் சுற்றக் கயிறு குறுகியது. கடைசியில் ஒரு முழக் கயிறுகூட மிச்சமில்லாமல், மூக்கு மரத்திலும் விலா மைலோவின் தலைக்கு நேர் மேலும் வந்து நின்றது.

மைலோ தொப்பியைக் கழற்றினான். வயிற்றைப் பார்த்துச் சொன்னான்:

"இங்கதான் இருக்கேன். கிளை கொஞ்சம் மேல விழுந்திருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"மெல்ல வந்தாப் போதும். ஆனா வா."

அப்போது நான் ஆலை முற்றத்தில் டேங்கரிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக ஆர்லிஸ் ஓடிவந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். "ஓட்டு" என்றாள். குழாயைக் கழற்ற எனக்கு நேரம் தரவில்லை. அன்று ஆலையிலிருந்து ஸ்கோகன் வரை சாலை வெள்ளையாக இருந்ததற்குப் பனி மட்டும் காரணமில்லை.

கிளையை நெம்பி எடுத்தோம். மைலோவின் ஒரு கால் சரியாக இருந்தது, ஒரு கால் யோசித்துக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் பனியில் மண்டி போட்டு உட்கார்ந்து அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்த முடிச்சையே மறுபடி போட்டு, மறுபடி அவிழ்த்தாள். குளிர் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஏலக்காரன் நம்பர் எனக்கு மனப்பாடம்" என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

"நீ கூப்பிட்ட. நான் எடுத்தேனா இல்லையா?"

"மாடு எடுத்துச்சு."

"நான் பேசினேனா இல்லையா?"

அவள் பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். அவன் பல்லைக் கடித்தான்.

"எடுத்தா மாடு இருக்கும்னு சொன்ன" என்றான். "நான் கம்பெனிக்காரன்கிட்ட குடுத்த கையெழுத்தயே காப்பாத்தறேன். உன் பேச்சு அதவிடக் கீழயா?"

சிக்ரிட் மரத்தோடு மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். ஆர்லிஸ் எழுந்துபோய், மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, கயிற்றை அவிழ்த்தாள். மாட்டின் நெற்றியில் உறைந்திருந்த பனியைத் தன் வெள்ளைத் தொப்பியால் துடைத்தாள்.

"மாடு இருக்கட்டும்" என்றாள். "எல்லா மாடும். ஆனா நீ காலத் தரையில ஊனற வரைக்கும் கறக்கறது நான். என் கையில அதுங்க எப்படிக் கறக்குதுன்னு நீ நாற்காலியில உக்காந்து பாரு."

அதுதான் மைலோவுக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே பெரியது. அவளுக்கு அவனைவிட அதிகம் கறந்தது.

ஒப்பந்தம் முடிந்த அன்று மூவரும் மெரிடன் போனோம். சிக்ரிட் டிரெய்லரில் வந்தாள். ட்ரிஷா ஹாக்கன்ஸன் அதே இடத்தில் இருந்தாள்.

"ரெண்டு வருஷம் முடிஞ்சது சார். இப்ப உங்களுக்குப் புது போன் சும்மா."

மேசைமேல் ஒன்றை வைத்தாள். உள்ளங்கை அகலம், முகம் முழுக்கக் கண்ணாடி. மைலோ தொடவில்லை.

"தொலஞ்சா?"

அவள் விலை சொன்னாள். அந்த விலைக்கு வாங்கக்கூடிய நல்ல கறவை மாடு ஒன்று அவன் முகத்தைக் கடந்து போனது.

"வேண்டாம். பழசு நல்லாத்தான் இருக்கு. கடன் தீந்துபோச்சு, பால் இனி எனக்குத்தானே? மாசக் கட்டணத்துல மாட்டு வெலயக் கழிச்சுட்டு மிச்சத்தச் சொல்லு."

ட்ரிஷா கொஞ்சம் சிவந்தாள். "மாசக் கட்டணம் அதேதான் சார்."

"புது போன் எடுத்தாலும்?"

"அதே."

"எடுக்காட்டியும்?"

"அதேதான்."

வெளியே டிரெய்லரில் சிக்ரிட் காலை மாற்றி வைத்தாள். ஆர்லிஸ் கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"எங்க கையெழுத்துப் போடணும் கண்ணு?" என்றாள். "இந்தத் தடவ என் பேர்ல. அந்தப் பழசு அவருக்கே இருக்கட்டும், அதுக்கும் சேத்துக் கட்டறோம். ஒண்ணு என் பையில இருக்கும். ஒண்ணு அவர் எங்க போனாலும் நாலு கால்ல கூட நடக்கும். எது தொலஞ்சாலும் இன்னொன்ன வெச்சுத் தேடிக்கலாம்."

"இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்றான் மைலோ.

அவள் கையெழுத்துப் போட்டாள். மைலோ வெளியே போய் டிரெய்லர் கம்பிக்குள் கைவிட்டு சிக்ரிட்டின் காதுக்குப் பின்னால் சொறிந்தான். சரிபார்க்க ஆர்லிஸ் தன் புதுப் போனிலிருந்து முதல் அழைப்பைப் போட்டாள். மெரிடன் பெரிய தெருவில் போல்கா கேட்டது. போகிறவர்கள் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போனார்கள்.

ஸ்கோகன் பள்ளத்தாக்கில் இன்றுவரை செல்போன் சிக்னல் கிடையாது.